எட்டாத காது

என் அக்கா செல்வாம்பாளை யாராவது 'பாவம்' என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. சோற்றில் ஒரு கல் கிடந்தால் போதும். ஆனால் இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைக் கேட்டால் உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறும். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் அந்த வார்த்தையைச் சொல்லாத வாய் கிடையாது. "பாவம் செல்வாம்பா, தலைச்சன் புள்ளையே இப்பிடி ஆயிடுச்சே!" எப்படி ஆயிடுச்சு? நன்றாகத்தான் ஆயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முருகையன், அவளுக்கு ஒரே தம்பி. எங்களுக்குச் சொந்த ஊர் கண்டமங்கலத்துப் பக்கம். அக்காவைப் பாண்டிச்சேரியில் மில் தொழிலாளி கலியமூர்த்திக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பட்டறை வேலை கற்றுக்கொள்ள வந்த நான் அவர்கள் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். வீடு என்றால் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். காலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே அக்கா வாசலில் அடுப்பைப் பற்றவைத்து இட்லி ஊற்ற ஆரம்பித்துவிடுவாள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள்.

எழுபத்து நான்காம் வருஷம், மாட்டுப் பொங்கலன்று ஆதிலட்சுமி பிறந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் எங்கள் கிராமத்து வீட்டில்தான் பிறந்தாள். பாண்டிச்சேரியில் பிறந்திருந்தால் அடுத்த வாரமே மேரியில் பதிந்திருப்பார்கள். முனிசிபாலிட்டியை இந்த ஊர்க்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறப்பானாலும் சாவானாலும் அங்கே ஓடிப் போய் எழுதிவைப்பது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம். எங்கள் ஊரோ எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. எங்கள் அப்பா, "பொட்டப் புள்ளதானே, மெதுவா சொல்லிக்கலாம்" என்று இருந்துவிட்டார். அந்த 'மெதுவா' கடைசிவரை வரவே இல்லை. இது பின்னால் எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருந்தாள். தலை கொஞ்சம் பெரிது, நெற்றி முன்னால் தள்ளியிருக்கும். கையும் காலும் குட்டை, சதை மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். காது குத்தும்போது தாய்மாமன் மடி என்று என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். ஆசாரி கம்பியை வைத்ததும் அவள் போட்ட அலறலில் என் காதே அடைத்துப் போயிற்று. என் புது வேட்டியையும் நனைத்துவிட்டாள்.

ஒன்றரை வயதாகியும் அவள் நடக்கவில்லை. அப்போதுதான் தெரு வாயைத் திறந்தது. ஒருத்தி, குழந்தைகளைப் பிடிக்கிற பாலகிரக தோஷம் என்றாள். இன்னொருத்தி, கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று அக்காவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். அக்கா எல்லாவற்றையும் செய்தாள். தாயத்துக் கட்டினாள். கடற்கரை மணலில் குழி தோண்டிப் பிள்ளையை இடுப்புவரை இறக்கி நிற்கவைத்தாள். பிள்ளை அந்தக் குழியிலிருந்து மணலை வாரி என் தலையில் போட்டுச் சிரித்ததுதான் மிச்சம். கடைசியில் கலியமூர்த்தி மாமா ஒருநாள் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னாலேயே ஒரு வாடகை சைக்கிளில் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையின் கையைக் காலை எல்லாம் அளந்து பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பிறகு அக்காவை உட்காரவைத்துச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. இது நோவு கெடையாது. இவளுக்கு எலும்பு வளர்ற விதமே வேற. குட்டையாத்தான் இருப்பா. லேட்டா நடப்பா, ஆனா நடப்பா. மூளைக்கு ஒரு கொறச்சலும் இல்ல, நல்லா படிப்பா. காது வலின்னு அழுதா மட்டும் ஒடனே கூட்டிட்டு வந்துடுங்க."

"வளரவே மாட்டாளாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"ஏன் வளராம? அவ அளவுக்கு வளருவா."

வழி நெடுக சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அக்கா அழுதுகொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நல்லா படிப்பான்னு சொன்னாங்கல்ல?" என்றாள். டாக்டரம்மா சொன்ன அத்தனையிலும் அந்த ஒன்றைத்தான் அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆதி இரண்டரை வயதில் நடந்தாள். அதற்கு முன்பே வாய் நடந்துவிட்டது. இட்லி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, யாருக்குச் சட்னி வரவில்லை, யார் தட்டு காலி என்று கூவிக்கொண்டிருப்பாள். புதிதாக வந்த ஒரு ஆள், "பாப்பாவுக்கு என்னா வயசு, ரெண்டா?" என்று கேட்டான். "ஒனக்கு என்னா வயசு? மீசை நரைச்சுப் போச்சே!" என்றாள். அவன் இட்லியை வைத்துவிட்டுச் சிரித்தான். வாய் மட்டும் தாய்மாமனைக் கொண்டிருக்கிறது என்று தெருவே சொன்னது. எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டில் அவளுக்கு எட்டாதது நிறைய. தண்ணீர்ப் பானை எட்டாது, கதவுத் தாழ்ப்பாள் எட்டாது. எது எட்டாவிட்டாலும் நானோ அக்காவோ அவளை அலாக்காகத் தூக்கிவிடுவோம். மாசி மகத்துக்குக் கடற்கரையில் சாமி பார்க்க என் தோள்மேல்தான் போவாள். அவளைத் தூக்கித் தூக்கி என் இடது தோள் சற்று இறங்கிவிட்டது என்றுகூட மாமா கிண்டல் செய்வார்.

அவளுக்கு நாலு வயதானபோது ஊருக்குள் சர்க்கஸ் வந்து கூடாரம் போட்டது. கூடவே மாமாவின் பெரியப்பா சக்கரபாணியும் வந்தார். அக்கா கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதோ மாடு விற்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். "சர்க்கஸ் மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெக்கிறேன், கலியமூர்த்தி. கொஞ்சம் பெருசானதும் குடுத்துடலாம். அதுக்கும் சோறு கெடச்ச மாதிரி ஆச்சு, ஒங்களுக்கும் பாரம் கொறஞ்ச மாதிரி ஆச்சு."

நானாக இருந்தால் டம்ளர் பறந்திருக்கும். மாமா உரக்கப் பேசி நான் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து போய்ப் பெரியப்பா கையிலிருந்த காப்பி டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். "எந்திரி பெரியப்பா" என்றார். அவ்வளவுதான். கிழவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

ஆனால் அக்கா மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? "டேய் முருகையா, சர்க்கஸுக்கு டிக்கெட்டு எடுத்துட்டு வா" என்றாள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். போனோம். யானை வந்தது, அந்தரத்தில் தாவுகிற பார் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பிறகு ஆதியைப் போலவே கையும் காலும் உள்ள ஒரு ஆள், முகமெல்லாம் சாயம் பூசிக்கொண்டு வந்து பொத்துப் பொத்தென்று விழுந்தான். கூடாரமே சிரித்தது. ஆதியும் கை தட்டிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கூடாரத்தின் பின்பக்கம் போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்தாள். பெயர் வேம்பு, சிதம்பரத்துப் பக்கம். அவனிடம் எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள்: "ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுமாப்பா?"

வேம்பு ஆதியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "எங்கேக்கா தெரியும்! பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல. இப்பிடிப் புள்ளைக்கி என்னாத்துக்குப் படிப்புன்னு வுட்டுட்டாங்க" என்றான். பிறகு சாயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நம்மளால மூட்ட தூக்க முடியாதுக்கா. பேனா தூக்கலாம்ல?" என்றான்.

அன்றைக்கு அக்கா முடிவு கட்டிவிட்டாள். ஆதி படித்தாக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராவிட்டால் மில், பட்டறை, கொத்து வேலை என்று எதுவாவது இருக்கிறது. இவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் கூடாரம்தான், இல்லாவிட்டால் யார் வீட்டு மூலையாவது. இது அக்காவுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் ஆதியைத் தெருக்கோடியில் இருக்கிற சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அஞ்சரை வயது. ரெட்டைச் சடை, புதுப் பாவாடை. தலைமையாசிரியர் கோவிந்தசாமி கெட்டவர் இல்லை. ரூல் என்றால் ரூல் என்கிற மனிதர். அந்தக் காலத்தில் பிறந்த தேதிக்கு அத்தாட்சி இல்லாத பிள்ளைக்கு ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயது முடிந்தது, ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நீங்களும் நானும் அப்படித் தொட்டுக் காட்டித்தான் உள்ளே போனோம்.

ஆதி கையைத் தூக்கினாள். விரல் உச்சந்தலைக்குக்கூடப் போகவில்லை. எம்பினாள், தலையைச் சாய்த்தாள், நாக்கைத் துருத்தினாள். ஊகூம்.

"எட்டலியேம்மா" என்றார் தலைமையாசிரியர். "அடுத்த வருஷம் கூட்டிட்டு வா, எட்டும்."

"அஞ்சு வயசு முடிஞ்சு ஆறு மாசம் ஆவுது சார்" என்றாள் அக்கா.

"நீ சொல்ற. பாத்தா மூணு வயசுக் கொழந்த மாதிரி இருக்குது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து, மூணு வயசுப் புள்ளைய ஏன்யா சேத்தேன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் மடியில் வைத்துக் குத்தின காது அது. "காதாலயா சார் படிக்கப் போவுது? கையால தொட்டாதான் அ, ஆ ஏறுமா? ஒங்க இன்ஸ்பெக்டர மொதல்ல காதத் தொடச் சொல்லுங்க!" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் வாசல் கேட்டைக் காட்டினார். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு நாள் அவள் இட்லியையே தொடவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்கவில்லை, அது வேறு.

தேதிக்கு அத்தாட்சி வாங்கப் பார்க்காமல் இல்லை. ஊரில் பதியவே இல்லை. இனிமேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். கோர்ட் என்றதும் மாமா பயந்துவிட்டார். அதோடு அக்காவுக்கு அது தேவையாகவும் படவில்லை. படித்த மனிதர், ஒரு பள்ளிக்கூடத்துக்கே பெரியவர், 'அடுத்த வருஷம் எட்டும்' என்று சொல்லிவிட்டாரே! டாக்டரம்மா சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு மறந்துபோயிற்று.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் ஒரே நல்லெண்ணெய் வாசனை. இட்லி வியாபாரம் முடிந்ததும் அக்கா பிள்ளையை உட்காரவைத்து, எண்ணெயைச் சூடாக்கித் தோளிலிருந்து விரல்வரை உருவி உருவி இழுப்பாள். ஆதி முதலில் சிரித்தாள். பிறகு, "போதும்மா, வலிக்குது" என்றாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால், சுவரோரம் நின்று கையைத் தலைக்கு மேலே வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிப் பின்னால் மறைத்துக்கொள்வாள். அந்தப் பிள்ளை எதற்கு மறைக்க வேண்டும்?

பொங்கல் முடிந்த சமயம், ஒருநாள் அக்கா இன்னும் ஒரு படி மேலே போனாள். உத்தரத்தில் தூளி கட்டுகிற கயிற்றில் ஒரு கட்டையை வைத்துக் கட்டி, பிள்ளையை அதைப் பிடித்துத் தொங்கச் சொல்லியிருக்கிறாள். தொங்கினால் கை நீளும் என்று யாரோ சொன்னார்களாம். கை நழுவிப் பிள்ளை கீழே விழுந்துவிட்டது. முழங்கை வீங்கிப்போய் அலறுகிறது. அள்ளிக்கொண்டு மறுபடியும் கோரிமேட்டுக்கு ஓடினோம்.

அதே டாக்டரம்மா. எலும்பு முறியவில்லை, நல்ல வேளை. எப்படி விழுந்தாள் என்று கேட்டதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "வர்ற ஜூனுக்குள்ள எட்டணும்லம்மா" என்றாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்வாம்பா, கேளு. இந்தப் புள்ளைக்குக் கை குட்ட, தலை பெருசு. அடுத்த வருஷம் இல்ல, அறுவது வயசானாலும் அந்தக் காது எட்டாது. இழுத்தா வலிதான் வரும், நீளம் வராது."

"அப்ப அவ வயசையாவது எழுதிக் குடுங்கம்மா" என்றேன் நான்.

"பொதுவா எலும்பைப் படம் எடுத்து வயசு சொல்லுவாங்கப்பா. இவளுக்கு எலும்பே வேற மாதிரியாச்சே. நான் என்னான்னு எழுதுறது?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏழெட்டு மாசமா எம் புள்ளையப் போட்டு இழுத்துருக்கேனே, பாவி! வலிக்குதுன்னு சொன்னாளே, கேட்டனா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு ஆதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ இழுத்தது நல்லாத்தாம்மா இருந்துச்சு. எண்ண வாசன" என்றாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த எண்ணெய்க் கிண்ணம் அதற்குப் பிறகு அடுப்படிக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த ஜூன் வந்தது. எண்பதாம் வருஷம். காலையில் எழுந்து பார்த்தால் அக்கா ஆதிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆதிக்கு அப்போது கீழே முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. நூல் கட்டிக் கதவில் மாட்டி இழுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னதிலிருந்து என் பக்கமே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள்.

"எட்டாதுன்னுதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. மறுபடியும் எதுக்கு அங்க போற?" என்றேன்.

"எட்டாதுன்னு அவர்கிட்ட சொல்லத்தான் போறேன். அவரு அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எம் பொண்ணுக்கு அடுத்த வருஷமே கெடையாதுன்னு சொல்லணும்ல?" என்றாள். பிறகு விரலை நீட்டி, "நீ வர்றதா இருந்தா வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தே, அப்பறம் எனக்குத் தம்பியே கெடையாது" என்றாள். நான் தலையாட்டினேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். அறையில் சுலோசனா டீச்சரும் இருந்தார். ஒன்றாம் வகுப்பு அவருடையதுதான். அக்கா கும்பிட்டுவிட்டு, டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "போன வருஷம் நீங்க சொன்னீங்கன்னு நம்பி எம் புள்ள கைய இழுத்து இழுத்து ரணமாக்கிட்டேன் சார். இது எட்டாது. எப்பவும் எட்டாது. ஆறர வயசு ஆவுது அவளுக்கு. காது எட்டலன்னா அவளுக்குப் படிப்பே கெடையாதா, சொல்லுங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் சங்கடம்தான், தெரிந்தது. "எனக்கு மட்டும் மனசு இல்லியாம்மா? நான் நம்புறேன். ஆனா வயசுன்னு ஒண்ணு எதுலயாவது தெரியணும்ல? எதை வச்சு எழுதுறது?"

எனக்கு உள்ளே கொதித்தது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் ஆதி முன்னால் போய் நின்றுவிட்டாள். "நான் தொட்டுக் காட்டுறேன் சார்" என்றாள்.

"வேணாம்டி" என்றாள் அக்கா.

அவள் கேட்கவில்லை. காலை அகட்டி நின்றாள். கையைத் தூக்கினாள். எண்ணெய் போட்டு உருவிய அந்தக் குட்டைக் கை தலைமேல் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் காதை நோக்கித் தள்ளினாள். என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அப்போது பிள்ளை 'ஆ' என்று கத்திக் கையை இறக்கி வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தம்.

ஐயோ என்று எல்லோரும் எழுந்தோம். ஆதி உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தால், முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, பல்லு! தானா வுழுந்துடுச்சு! மாமா, நூலு வேணாம்!" என்று தூக்கிக் காட்டினாள்.

சுலோசனா டீச்சர் அந்தப் பல்லைப் பார்த்தார். ஆதியின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சார், இங்க வந்து பாருங்க. பால் பல்லு வுழுந்து, பின்னாலயே புதுப் பல்லு மொளச்சு நிக்குது. எம் பொண்ணுக்கு ரெண்டாங் கிளாஸ் போறப்பதான் வுழுந்துச்சு. மூணு வயசுப் புள்ளைக்கிப் பல்லு வுழுமா சார்?"

தலைமையாசிரியர் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டி போட்டு உட்கார்ந்து ஆதியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஆதி நன்றாகத் திறந்து காட்டினாள்.

"இன்ஸ்பெக்டர் கேட்டா?" என்றார் அவர், டீச்சரைப் பார்த்து.

"நானே ஆ-ன்னு காட்டுறேன் சார்" என்றாள் ஆதி.

அவர் அப்போதுதான் சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலிக்குப் போய்ப் பேனாவைத் திறந்து, "பேரு சொல்லும்மா" என்றார். அக்கா ஆதியின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு விம்மினாள். கடைசியில் நான்தான் சொன்னேன்: "கலியமூர்த்தி மகள் ஆதிலட்சுமி, சார். மாட்டுப் பொங்கலன்னிக்குப் பொறந்தா." வாயைத் திறந்ததற்கு அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஜூனிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் காது எட்டாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் தலைமையாசிரியர் வாயையும் திறந்து பார்த்தார். பல் டாக்டர் என்று ஊரில் அவருக்குப் பெயரே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் பூவாகப் போகவில்லை. 'குள்ளச்சி' என்று கூப்பிட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இவள் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கிக் கடுத்துப்போகும்; பட்டறையில் இரும்புக் கம்பி வளைத்து ஒரு கால்பலகை செய்து கொடுத்தேன். வகுப்பு மாறும்போதெல்லாம் அதைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். காதில் சீழ் வைத்து நாலைந்து தடவை கோரிமேட்டுக்கு ஓடியிருக்கிறோம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் மற்றவர்களுக்கு முழங்கால், இவளுக்கு இடுப்பு. இருந்தும் லீவு போடமாட்டாள். சாயங்காலம் அடுப்படியில் அவள் உரக்கப் படிக்க, அக்கா மாவாட்டிக்கொண்டே கேட்பாள். இப்போது அக்கா பஸ் போர்டைத் தானே படித்து ஏறுகிறாள்.

இது எண்பத்தொன்பதாம் வருஷம். ஆதி பத்தாம் வகுப்பு. நான் இங்கே பாண்டிச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். அவளுக்கென்று ஒரு சின்ன சைக்கிளைப் பெடல் உயர்த்திச் செய்துகொண்டிருக்கிறேன். லாஸ்பேட்டை காலேஜுக்கு அதில்தான் போவேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். முதலில் பத்தாவதைப் பாஸ் பண்ணுடி என்றால், "அது ஆவும் மாமா, நீ மொதல்ல செயினைப் போடு" என்கிறாள். பெரியப்பா சக்கரபாணி தனக்கு வருகிற காகிதங்களைப் படித்துக்காட்ட இவளைத்தான் தேடி வருகிறார். இவள் படித்துக்காட்டுகிறாள். நானாக இருந்தால் சர்க்கஸ் மேனேஜரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

அந்த ஜூன் மாதத்துக் காலையில் ஒன்று பாக்கி இருக்கிறது. பெயர் எழுதி முடிந்து வெளியே வந்தபோது ஆதி பல்லைக் கைக்குள் மூடிவைத்திருந்தாள். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால்தான் அடுத்த பல் நன்றாக முளைக்கும். இது அவளுக்குத் தெரியும். சாணிக்கா பஞ்சம், தெருவில் கிடந்தது. அக்கா பல்லை வைத்து உருட்டிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஓட்டுமேலேயே எறிவேன் என்றாள்.

நான் வழக்கம்போல் குனிந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

"எறக்குடா அவள" என்றாள் அக்கா.

"எட்டாதுக்கா."

"கை எட்ட வேணாம். பல்லு எட்டினா போதும்."

இறக்கிவிட்டேன். ஆதி ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். எறிந்தாள். உருண்டை சுவரில் பட்டுக் காலடியிலேயே விழுந்தது. மறுபடி உருட்டி எறிந்தாள். அது போய்த் தலைமையாசிரியரின் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தது. போச்சு, கிழித்துவிடப் போகிறார் என்று திரும்பினால் அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா, ரொம்பக் கிட்ட நிக்கிற. தள்ளிப் போய் நின்னு எறி" என்றார்.

ஆதி உருண்டையை எடுத்துக்கொண்டு நாலெட்டுப் பின்னால் போனாள். அந்தக் குட்டைக் கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, ஒரு மூச்சுப் பிடித்து வீசினாள். உருண்டை மேலே போய், ஓட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"எட்டிச்சும்மா!" என்று கத்தினாள்.

அக்கா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து 'பாவம்' என்று சொல்லியிருந்தால், அவர்கள் பல்லும் அந்த ஓட்டுமேல் போயிருக்கும்.